உறுதி கையில் இருக்கட்டும்: கிறிஸ்தவ நம்பிக்கையைப் பற்றிக்கொள்ளவும் பகிரவும்

வட இலங்கையின் வன்னியில் உறுதி என்றால் முதலில் நினைவுக்கு வருவது காணி உறுதிதான். 2008, 2009இல் யுத்தத்துக்குத் தப்பிக் கிழக்குப் பக்கமாக ஓடிய சனம் நெல்மூட்டையை விட்டது, தையல் மெசினை விட்டது. உறுதியைப் பொலித்தீனில் சுற்றி மடிக்குள் வைத்துக்கொண்டு போனது. காணிக்குள் வேறு யாரோ நிற்கலாம். வீட்டுக்குக் கூரை இல்லாமல் போயிருக்கலாம். வேலி நின்ற இடத்தில் பற்றை மண்டியிருக்கலாம். உறுதி கையில் இருந்தால் "அது எங்கட காணி" என்று சொல்ல வாய் வரும்.

கிறிஸ்தவ நம்பிக்கைக்கு இதைவிடக் கிட்டிய ஒப்புமை எங்களுக்குத் தெரியாது. எபிரெயர் 11:1 பழைய மொழிபெயர்ப்பில் "விசுவாசமானது நம்பப்படுகிறவைகளின் உறுதி" என்று தொடங்குகிறது. மூலத்தில் உள்ள ஹுப்போஸ்டாசிஸ் என்ற கிரேக்கச் சொல் அக்காலத்துச் சொத்து ஆவணங்களிலும் புழங்கிய சொல். மொழிபெயர்த்தவர்கள் காணி உறுதியை நினைத்தார்களோ இல்லையோ, ஈழத்துக் காதில் அது சரியாகவே விழுகிறது: கண்ணால் இன்னும் காணாத ஒன்றுக்கான பத்திரம். "எனக்கு நம்பிக்கை வருகுதில்லை" என்று சொல்பவர் தன் மனநிலையைத் தோண்டிப் பார்ப்பதற்கு முதல், பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது, யார் கையெழுத்து வைத்தார் என்று பார்க்கவேண்டும்.

முதலில் சொல்லில் ஒரு சிக்கல்

வன்னியில் ஒரே ஒழுங்கையில் கத்தோலிக்கர், மெதடிஸ்தர், தென்னிந்திய திருச்சபையார், பெந்தெகொஸ்தே சபையார் எல்லாரும் இருப்பார்கள். இவர்கள் கையில் இருப்பது ஒரே வேதாகம மொழிபெயர்ப்பு அல்ல. பழைய பரிசுத்த வேதாகமத்தில் விசுவாசம் வேறு, நம்பிக்கை வேறு. 1 கொரிந்தியர் 13:13இல் "விசுவாசம், நம்பிக்கை, அன்பு" என்று வரும். கத்தோலிக்கர் வாசிக்கும் திருவிவிலியத்தில் அதே வசனம் "நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு" என்று வருகிறது. அதாவது ஒருவரின் "நம்பிக்கை" மற்றவரின் "எதிர்நோக்கு". இது தெரியாமல் இரண்டு பேர் அரை மணித்தியாலம் கதைத்து, இரண்டு வேறு பொருளைப் பற்றிக் கதைத்துவிட்டு எழும்பிப் போவது அடிக்கடி நடக்கிறது. செபக்கூட்டத்தில் வாசிக்கமுன் எந்த மொழிபெயர்ப்பு என்று சொல்லிவிடுங்கள். இந்தக் கட்டுரையில் நம்பிக்கை என்பது எதிர்நோக்கு என்ற பொருளில் வருகிறது.

ஊரில் புழங்கும் மூன்றாவது பொருளும் உண்டு. "நம்பிக்கையா இரு, எல்லாம் சரிவரும்" என்பது தைரியம் சொல்வது. அதில் பிழையில்லை, ஆனால் அதற்குப் பின்னால் யாருடைய கையெழுத்தும் இல்லை. சோதனையில் பிள்ளை சித்தியடையும், விசா வரும் என்ற எதிர்பார்ப்பையும் கிறிஸ்துவில் உள்ள நம்பிக்கையையும் ஒரே பையில் போட்டால், விசா மறுக்கப்பட்ட அன்று இரண்டும் சேர்ந்து விழும்.

உறுதியைச் சரிபார்த்தல்

எங்கள் நாட்டுச் சட்டப்படி காணி உறுதி செல்லுபடியாக நொத்தாரிசு முன்னிலையில் குறைந்தது 2 சாட்சிகள் கையெழுத்து வைக்கவேண்டும். கிறிஸ்தவ நம்பிக்கையின் சாட்சிப் பக்கம் 1 கொரிந்தியர் 15:3-8. பவுல் இதை ஏறக்குறைய கி.பி. 55இல் எழுதுகிறார், பொந்தியு பிலாத்துவின் காலத்தில் இயேசு சிலுவையில் அறையப்பட்டு அப்போது 25 ஆண்டு அளவுதான் ஆகியிருந்தது. கேபா என்ற பேதுரு, பன்னிருவர், ஒரே வேளையில் 500க்கு மேற்பட்டவர்கள், யாக்கோபு, மற்ற அப்போஸ்தலர்கள், கடைசியில் தான் என்று வரிசை போகிறது. 500 பேரில் அநேகர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள் என்றும் சேர்த்து எழுதுகிறார். போய்க் கேட்டுப் பாருங்கள் என்பதுதான் அதன் பொருள். 17ஆம் வசனத்தில் இன்னும் துணிந்து, கிறிஸ்து எழுந்திராவிட்டால் உங்கள் விசுவாசம் வீண் என்கிறார். எல்லாம் நிற்பது இந்த ஒரு புள்ளியில்தான் என்று அவரே ஒப்புக்கொள்கிறார். ஆகவே சந்தேகம் உள்ளவர் வேறெங்கும் அலையாமல் இங்கேயே தன் கேள்வியை வைக்கலாம்.

20ஆம் வசனத்தில் வரும் "முதற்பலன்" என்ற சொல்லை அவசரமாகத் தாண்டவேண்டாம். அதற்கு வன்னிச் சொல் புதிர். தைப்பூசத்தை ஒட்டி வயலில் முற்றிய கதிரில் ஒரு பிடி அறுத்துக்கொண்டு வந்து, குத்தி, புது அரிசியில் பொங்குகிறோம். மிச்ச வயல் இன்னும் நிற்கிறது. ஆனாலும் அந்த ஒரு பிடியைக் கையில் உரசிப் பார்த்தால் மணி பாலா, பதரா, முற்றினதா என்று தெரிந்துவிடும். முழு வயலின் விளைச்சலையும் அதில் பார்க்கிறோம். கிறிஸ்துவின் உயிர்ப்பைப் பவுல் அந்தப் பிடிக் கதிராகக் காட்டுகிறார். அறுவடை பின்னால் வருகிறது, அதே நெல்தான். இறந்துபோனவர்களைப் பற்றி யாராவது கேட்டால் இதைச் சொல்லுங்கள். கமக்காரனுக்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

சரிபார்க்கும் வேலைக்கு ஒரு மாதம் ஒதுக்குங்கள். மாற்கு நற்செய்தி 16 அதிகாரம். நாளுக்கு ஒன்றாக 16 நாள். சத்தமாக வாசிப்பது நல்லது, வீட்டில் வாசிக்கத் தெரியாத அம்மாச்சி இருந்தால் அவருக்கும் கேட்கும். பிறகு லூக்கா 24, ரோமர் 8, 1 கொரிந்தியர் 15 ஒவ்வொன்றுக்கும் 2 நாள். மிச்ச நாட்களுக்கு 1 பேதுரு, 5 அதிகாரம்தான். அது சொந்த ஊர் விட்டுச் சிதறியிருந்த சனத்துக்கு எழுதிய கடிதம், முதல் வசனத்திலேயே அப்படித்தான் அழைக்கிறது. முகாமில் இருந்து வந்தவர்களுக்கு அந்தக் கடிதம் வேறு மாதிரிக் கேட்கும். 80 பக்கக் கொப்பி ஒன்றை வைத்து, ஒவ்வொரு நாளும் இரண்டு வரி மட்டும் எழுதுங்கள்: இங்கே கடவுள் என்ன செய்கிறார், எனக்கு விளங்காதது என்ன. இரண்டாவது வரியை ஒருநாளும் விடாதீர்கள். பிறகு மற்றவர்களோடு கதைக்கும்போது கைகொடுப்பது அந்த வரிகள்தான்.

பெர்மிட் மாதிரிப் பிடிப்பது

மாதம் முழுக்க வாசித்தும் மனம் ஆறாதவர்கள் உண்டு. பெரும்பாலும் காரணம் ஒன்று: உறுதியை அவர்கள் அரச காணிக்கு வருசா வருசம் புதுப்பிக்கும் பெர்மிட் மாதிரிப் பிடிக்கிறார்கள். காணியைத் துப்புரவாக வைத்திருந்தால் நீடிப்பார்கள், விட்டால் எடுத்துவிடுவார்கள் என்ற பயம். ஞாயிறு கோயிலுக்குப் போகாத கிழமை, கோபத்தில் பிள்ளைக்கு அடித்த நாள், உடனே நம்பிக்கை போய்விடுகிறது. நற்செய்தியின்படி இந்தப் பத்திரத்துக்கான விலையை வேறொருவர் கட்டிவிட்டார், எழுதியும் தந்துவிட்டார். நல்ல நடத்தை அந்தக் காணியில் குடியிருப்பவன் செய்யும் வேலை. அதற்கு வாடகையாக அது ஒருநாளும் ஆகாது. எபேசியர் 2:8-10ஐ 3 வசனமும் சேர்த்து வாசியுங்கள். மீட்பு கிருபையால், கிரியையால் அல்ல என்ற 8, 9ஓடு நிறுத்துபவர்கள் சோம்பலுக்குப் போகிறார்கள், நற்கிரியை செய்யவே படைக்கப்பட்டோம் என்ற 10ஐ மட்டும் பிடிப்பவர்கள் பயத்துக்குப் போகிறார்கள்.

இரண்டாவது காரணம் அழுகையை அடக்குவது. "விசுவாசிகள் அழக்கூடாது" என்று செத்தவீட்டில் சொல்பவர்கள் 1 தெசலோனிக்கேயர் 4:13ஐக் காட்டுவார்கள். அந்த வசனம் நம்பிக்கையில்லாதவர்களைப் போலத் துக்கப்படவேண்டாம் என்கிறது. துக்கப்படவே வேண்டாம் என்று எங்கும் சொல்லவில்லை. லாசருவை எழுப்பப் போகிறோம் என்று தெரிந்துகொண்டே இயேசு அழுதார்.

அழுகைக்கு வேதாகமத்தில் ஒழுங்கான வடிவமே இருக்கிறது. சங்கீதம் 13 வெறும் 6 வசனம். முதல் இரண்டில் "எதுவரைக்கும்" என்ற கேள்வி நாலு தரம் வருகிறது. 3, 4இல் கேட்பது. 5, 6இல்தான் நம்பியிருக்கிறேன் என்ற பேச்சு. இதே ஒழுங்கில் உங்கள் செபத்தைக் கொப்பியில் எழுதுங்கள். முறைப்பாட்டை முழுக்க, பெயர், திகதி, இடம் சேர்த்து எழுதுங்கள். பிறகு ஒரே ஒரு வேண்டுதல். கடைசிப் பகுதி வராவிட்டால் வெறுமையாக விட்டுவைக்கலாம். 88ஆம் சங்கீதம் ஆறுதல் வரி இல்லாமலே முடிகிறது, அதையும் வேதாகமத்துக்குள் வைத்திருக்கிறார்கள். இந்தப் பகுதியைக் கடந்து நேரே துதிக்குப் போகச் சொல்லும் கூட்டங்கள் வன்னியில் நிறைய. அங்கே போய்வந்தவர்கள் இரண்டு நாள் உற்சாகமாக இருந்து மூன்றாம் நாள் முன்னையதைவிடக் கீழே விழுவதற்கு இதுவே காரணம்.

நித்திரை இல்லாமை, சாப்பாடு இறங்காமை, சாகவேண்டும் என்ற எண்ணம் இவை வாரக்கணக்கில் நீடித்தால் அதற்கு வைத்தியரும் வேண்டும். தேசிய உளநல உதவி இலக்கம் 1926. குளிசை எடுப்பது விசுவாசக் குறைவு என்று யாரையும் சொல்லவிடாதீர்கள், நீங்களும் சொல்லாதீர்கள்.

எரேமியாவின் காணி

எரேமியா 32ஐத் தனியாக வாசிக்கவேண்டும். பாபிலோன் படை எருசலேமை முற்றுகை போட்டிருக்கிறது. எரேமியாவே காவலில் இருக்கிறார். அந்த நேரம் ஆனதோத்தில் இருக்கும் ஒரு காணியை 17 சேக்கல் வெள்ளிக்கு, எங்கள் நிறையில் சுமார் 200 கிராம், வாங்குகிறார். தராசில் நிறுத்து, சாட்சி வைத்து, முத்திரையிட்ட பிரதி ஒன்று, திறந்த பிரதி ஒன்று, இரண்டையும் மண்பாண்டத்தில் போட்டு நெடுநாள் இருக்கும்படி வைக்கச் சொல்கிறார். இந்த நாட்டில் திரும்பவும் வீடும் வயலும் வாங்கப்படும் என்பது வாக்கு. செல் விழும்போது காணி வாங்குவது போன்ற வேலை. நம்பிக்கையைச் செயலில் காட்டுவது எப்படி என்று கேட்பவருக்கு இதைக் காட்டுங்கள். அவரவர் அளவில் ஒரு வேலை இருக்கும்: கிணற்றைத் திரும்ப இறைத்தல், மூன்று வருசத்துக்குப் பிறகே காய்க்கும் மாங்கன்றை நடுதல், படிப்பை விட்ட மகளைத் திரும்பப் பாடசாலைக்கு அனுப்புதல். புரட்டாதியில் மழையே இல்லாத வானத்தின் கீழ் புழுதி விதைப்புச் செய்பவனுக்கு இது புதிதல்ல.

இதே புத்தகத்தின் 29:11, கடவுள் தம் சனத்தைப் பற்றி நினைப்பது சமாதானத்துக்கேதுவான நினைவுகள் என்பது, கலண்டர்களில் அச்சிடப்படும் வசனம். அதற்கு முன் வசனத்தில் பாபிலோனில் 70 வருசம் என்று இருப்பதை யாரும் அச்சிடுவதில்லை. 5ஆம் வசனத்தில் வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள் என்றும் இருக்கிறது. மூன்றையும் சேர்த்துக் கொடுங்கள். 11ஐ மட்டும் கொடுத்தால் அடுத்த கிழமை கடன் தீரும் என்று ஒருவர் நினைத்துவிடுவார்.

மற்றவரோடு கதைக்கும்போது

1 பேதுரு 3:15, கேட்கிறவர்களுக்குச் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் பதில் சொல்ல ஆயத்தமாயிருங்கள் என்கிறது. கேட்கிறவர்களுக்கு. ஆகவே கேள்வி வருமளவுக்கு அவர் வாழ்க்கையில் நீங்கள் இருந்திருக்கவேண்டும். முறையைக் காட்டுவது லூக்கா 24. எம்மாவு வழியில் இரண்டு பேர் முகம் வாடிப் போகிறார்கள். இயேசு கூடச் சேர்ந்து நடந்து, என்ன கதைக்கிறீர்கள் என்று கேட்கிறார். அவருக்குத் தெரியாத விடயம் அதில் ஒன்றுமில்லை; தெரிந்தும் "எவைகள்" என்று திரும்பக் கேட்டு முழுக்கச் சொல்ல விடுகிறார். "என்று நம்பியிருந்தோம்" என்று இறந்தகாலத்தில் அவர்கள் சொல்லி முடித்த பிறகே வேதத்தை எடுக்கிறார். வன்னியில் அந்த "நம்பியிருந்தோம்" எல்லா வீட்டிலும் உண்டு. அது வெளியே வருமட்டும் உங்கள் வேதாகமம் பைக்குள் இருக்கட்டும்.

நேரம், இடம் விடயத்தில் கவனம் தேவை. பின்னேரம் 4 மணிக்குப் பிறகு, இருட்டுக்கு முன். பெண் தலைமை தாங்கும் குடும்பமென்றால் ஆண் தனியே போகக்கூடாது. மனைவியோ சகோதரியோ கூட வரட்டும், விறாந்தையிலேயே இருங்கள். பிளேன்ரீ தந்தால் குடியுங்கள். துயர வீட்டுக்கு முதல் கிழமை ஆட்கள் வருவார்கள், எட்டுக்கும் வருவார்கள், அந்தியேட்டிக்கும் வருவார்கள். 31ஆம் நாள் முடிந்து கதிரைகள் திரும்பிப்போன பிறகு யாரும் வருவதில்லை. அப்போது போங்கள். யோபுவின் சிநேகிதர் 7 நாள் இரவும் பகலும் பேசாமல் இருந்தவரைக்கும் சரியாகத்தான் செய்தார்கள். பிழை விட்டது வாயைத் திறந்த பிறகு.

கேட்டால் சொல்ல 3 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். ஏறக்குறைய இப்படி:

"அக்கா, எல்லாத்துக்கும் என்னட்ட பதில் இல்லை. ஆனா ஒண்டு நம்பிறன். இயேசு எங்களை மாதிரியே அநியாயமாச் செத்தவர், கடவுள் அவரைத் திரும்ப எழுப்பினவர். அதால சாவு கடைசிச் சொல்லில்லை எண்டு நம்பிறன். அண்ணையைக் கடவுள் மறக்கேல்லை எண்டும் நம்பிறன். நீங்கள் விரும்பினா அந்தக் கதையை ஒருநாள் இருந்து வாசிப்பம். இப்ப உங்களுக்காக ஒருக்காச் செபிக்கட்டோ?"

வேண்டாம் என்றால் "சரி அக்கா" என்று சொல்லி அடுத்த கதைக்குப் போங்கள். வாற கிழமையும் போங்கள். செபிக்கலாம் என்றால் 1 நிமிடம், மெல்லிய குரலில், அவர் சொன்ன பெயர்களைச் சொல்லிச் செபியுங்கள். தலையில் கை வைக்கமுன் கேளுங்கள். பிள்ளைகளென்றால் தாய் தகப்பனிடம் கேட்காமல் ஒன்றும் செய்யாதீர்கள்.

காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகளிடம் இரண்டு வசனம் ஒருநாளும் வாயில் வரக்கூடாது: "அவர் உயிரோட இருக்கிறார், கர்த்தர் காட்டினார்" என்பதும், "இனி ஏற்றுக்கொள்ளுங்கோ" என்பதும். கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20இல் தொடங்கிய தாய்மாரின் போராட்டம் "எங்கே" என்ற ஒரு கேள்வியைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது. பதில் தரவேண்டியவர்கள் தராத கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லப் போகக்கூடாது. கிறிஸ்தவ நம்பிக்கை அந்தக் கேள்வியை மூடச் சொல்லவில்லை. சங்கீதம் 13 கடவுளிடமே "எதுவரைக்கும்" என்று நாலு தரம் கேட்கிறது. அவர்களோடு அதை வாசித்தாலே போதும்.

அயலில் உள்ள சைவக் குடும்பத்தோடு கதைக்கும்போது சில சொற்கள் திசை மாறிப் போகும். யோவான் 3இல் வரும் "மறுபடியும் பிறக்கவேண்டும்" அவர்கள் காதில் மறுபிறப்பாக விழும். "கடவுள் தரும் புது வாழ்வு" என்று சொல்லுங்கள். உயிர்த்தெழுதல் வேறு உடம்பில் பிறப்பதல்ல, அதே ஆள் சாவைக் கடந்து வாழ்வது என்று தெளிவாக்குங்கள். "எங்கட விதி", "போன பிறப்பில செய்த வினை" என்று ஒரு தாய் தன்னையே குற்றஞ்சாட்டும்போது வாதாடவேண்டாம். யோவான் 9:2-3ஐச் சொல்லுங்கள்: இவன் குருடனாய்ப் பிறந்தது யார் செய்த பாவம் என்று கேட்டபோது, இவனும் அல்ல, பெற்றாரும் அல்ல என்றார் இயேசு. ஒரே பங்கருக்குள் இருந்து தான் மட்டும் தப்பியவருக்கு லூக்கா 13:4. சீலோவாம் கோபுரம் விழுந்து செத்த 18 பேர் மற்றவர்களைவிடப் பாவிகள் என்று நினைக்கவேண்டாம் என்கிறார். யுத்தம் எங்கள் பாவத்துக்குத் தண்டனை என்று மைக் பிடித்துச் சொன்ன பிரசங்கங்களால் காயப்பட்டவர்கள் இங்கே நிறையப் பேர். அந்தக் காயத்தை ஆற்ற இந்த ஒரு வசனம் வேண்டும்.

கோயிலை, திருநீற்றை, நேர்த்தியைக் குறை சொல்லித் தொடங்கும் கதை அங்கேயே முடிந்துவிடும், முடிவதுதான் நியாயமும். யூலை 2, ஓகஸ்ட் 15 மடு மாதா கோயில் திருவிழாவுக்குச் சைவச் சனமும் போகிறது. ஒரு அம்மா மடுவுக்குப் போய்வந்ததைச் சொன்னால், நீங்கள் எந்தச் சபையாக இருந்தாலும், அங்கே என்ன கேட்டுக்கொண்டீர்கள் என்று விசாரியுங்கள். அவருடைய மனதின் பாரம் அந்தப் பதிலில் இருக்கும்.

உதவிப் பொதியையும் நற்செய்தியையும் ஒரே நாளில் கொண்டு போகாதீர்கள். அரிசி 10 கிலோவோடு வரும் செபத்துக்கு யாராலும் வேண்டாம் என்று சொல்லமுடியாது, மறுக்கமுடியாத சம்மதம் சம்மதமே ஆகாது. உதவி செய்வதென்றால் தேவை பார்த்து எல்லா வீட்டுக்கும் செய்யுங்கள், வேறு ஆட்கள் கொண்டு போகட்டும். நுண்கடனில் மாட்டியவரிடம் "காணிக்கை போடுங்கோ, கடன் தீரும்" என்று சொல்வது களவு.

உங்களுக்குப் பதில் தெரியாத கேள்வி கட்டாயம் வரும். பிள்ளையை ஏன் எடுத்தார், நான் செபிச்சனான்தானே என்பது போல. "தெரியேல்லை அக்கா" என்று சொல்லுங்கள். சகலமும் நன்மைக்கே நடக்கிறது என்ற ரோமர் 8:28ஐ அந்த நேரம் எடுக்கவேண்டாம். வீட்டுக்கு வந்து கொப்பியில் அவருடைய சொல்லிலேயே கேள்வியை எழுதி, திகதி போடுங்கள். போதகரிடமோ பாதரிடமோ கேட்கலாம், பெயரைச் சொல்லாமல். ஒரு கிழமைக்குள் திரும்பப் போங்கள். பதில் கிடைக்காவிட்டாலும் போய், "நீங்கள் கேட்டதை நான் மறக்கேல்லை" என்று சொல்லிவிட்டு, படலையடியில் அவிழ்ந்து கிடக்கும் கம்பியைக் கட்டிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.